போலி நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களின் வரலாறு

போலி நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் என்பது கணினியில் இல்லாத நச்சுநிரல்களை இருப்பதாகக் காட்டி, அவற்றை நீக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் ஏமாற்று நிரல் ஆகும். பேச்சு வழக்கில் இது 'போலி ஆன்டிவைரஸ்' எனப்படுகிறது. அச்சத்தை மூலதனமாகக் கொண்டு இயங்குவதால் கணினித் துறையில் இதற்கு 'ஸ்கேர்வேர்' என்ற பெயரும் உண்டு. 2005 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் இது உலகின் மிகப் பெரிய இணைய மோசடிகளுள் ஒன்றாக வளர்ந்தது. பின்னர் தொலைபேசி அழைப்பு, கைபேசிச் செயலி, உலாவி அறிவிப்பு என வடிவம் மாறி இன்றும் தொடர்கிறது.

பின்னணி: உண்மையான தடுப்பிகள்

போலி செல்லுபடியாக வேண்டுமானால் முதலில் அசல் ஒன்று நம்பிக்கை பெற்றிருக்க வேண்டும். தனியாள் கணினிகளைத் தாக்கிய தொடக்ககால நச்சுநிரல்களுள் முதன்மையான 'பிரெய்ன்' 1986-ஆம் ஆண்டில் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்சத் ஃபாரூக் ஆல்வி என்ற உடன்பிறந்தார் இருவரால் எழுதப்பட்டது. நெகிழ்வட்டுகள் வழியாக அது நாடு கடந்து பரவியது. அதன் நிரலுக்குள் எழுதியவர்களின் பெயரும் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

இதன் பின்னர் நச்சுநிரல்களை நீக்கித் தரும் மென்பொருள்கள் ஒரு தொழிலாக வளர்ந்தன. இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் சென்னையில் கேசவர்த்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயில் கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்கள் நடத்திய கணினி பழுதுபார்ப்பு நிறுவனத்திலிருந்து வளர்ந்த குவிக் ஹீல் ஆகியவை இத்துறையின் முன்னோடிகள்.

இந்த மென்பொருள்கள் பயனரிடம் சில பழக்கங்களை உருவாக்கின. கணினியை 'ஸ்கேன்' செய்ய வேண்டும், சிவப்பு எச்சரிக்கை வந்தால் கவனிக்க வேண்டும், ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பவை அவை. மூன்றும் நல்ல பழக்கங்களே. ஆனால் பின்னாளில் போலிகள் பற்றிக்கொண்டதும் இந்த மூன்றையும்தான்.

தோற்றம்

2000களின் தொடக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளமும் அகலக்கற்றை இணைப்பும் பரவின. கூடவே உளவுநிரல்களும் விளம்பரநிரல்களும் பெருகின. கணினி மெதுவாக இயங்கினாலே 'வைரஸ் வந்துவிட்டது' என்று நினைக்கும் காலம் அது. அந்த அச்சத்தைப் பயன்படுத்தி 2005-ஐ ஒட்டி 'ஸ்பைசெரிஃப்', 'வின்ஃபிக்சர்' போன்ற பெயர்களில் போலி மென்பொருள்கள் தோன்றின.

இவற்றுக்கு எதிரான சட்ட நடவடிக்கையும் விரைவில் தொடங்கியது. 2006 சனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், தனது உளவுநிரல் தடைச் சட்டத்தின்கீழ் தொடுத்த முதல் வழக்கு 'ஸ்பைவேர் கிளீனர்' என்ற மென்பொருளை விற்ற செக்யூர் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மீதானது. உளவுநிரலைத் தடுக்க எழுந்த சட்டம் முதலில் சந்தித்தது, உளவுநிரலை நீக்குவதாகச் சொன்ன நிறுவனத்தைத்தான். அதே ஆண்டு திசம்பரில் 10 இலட்சம் டாலருக்கு அவ்வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் வழக்கு

இம்மோசடி எப்படி இயங்கியது என்பதை முழுமையாக வெளிக்கொணர்ந்தது இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் வழக்கு. பெலிசு நாட்டில் பதிவு பெற்று உக்ரைனின் கீவ் நகரில் அலுவலகம் நடத்திய இந்நிறுவனம், வின்ஃபிக்சர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எர்ரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் ஆகிய பெயர்களில் மென்பொருள்களை விற்றது. 2008 திசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் மேரிலாந்து நீதிமன்றத்தில் இதன் மீது வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் ஏமாற்றப்பட்டதாக ஆணையம் கூறியது.

நிறுவனத்தின் உத்தி பின்வருமாறு அமைந்தது. நன்கு அறியப்பட்ட இணையதளங்களில் நேர்மையான விளம்பரதாரர் போலக் காட்டிக்கொண்டு விளம்பர இடம் வாங்கப்படும். அவ்விளம்பரம் வாசகரைத் தானாகவே வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே கணினியை ஆராய்வது போன்ற ஓர் அசைபடம் ஓடும். உண்மையில் எந்த ஆய்வும் நடக்காது. முடிவில் நச்சுநிரல்களின் பட்டியல் ஒன்று தோன்றும். அதன்பின் ஏறத்தாழ 40 டாலருக்கு நிவாரணம் விற்கப்படும். நோயைக் காட்டுவது இலவசம், மருந்துக்கு மட்டும் விலை என்பதே இதன் சுருக்கம்.

2010 மே மாதத்தில் சிகாகோவில் மூவர் மீது குற்றவியல் வழக்கும் பதிவானது. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் சுந்தின், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சைலேஷ்குமார் ஜெயின், ஒகையோ மாநிலத்தின் ஜேம்ஸ் ரீனோ ஆகியோரே அவர்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாகக் குற்றப்பத்திரிகை கூறியது. வணிக ஆணையத்தின் வழக்கில் 2012-இல் கிறிஸ்டி ரோஸ் என்ற அலுவலருக்கு எதிராக 16.3 கோடி டாலர் செலுத்துமாறு தீர்ப்பு வந்தது.

கான்ஃபிக்கரும் 2009-ஆம் ஆண்டும்

2008 நவம்பரில் 'கான்ஃபிக்கர்' என்ற புழுநிரல் பரவத் தொடங்கியது. விண்டோஸ் இயங்குதளத்தின் ஒரு குறையை மைக்ரோசாப்ட் அதற்கு முந்தைய மாதமே சரிசெய்து வெளியிட்டிருந்தது. ஆனால் மேம்படுத்தப்படாத கணினிகள் இலட்சக்கணக்கில் இருந்தன. பென் டிரைவ் வழியாகவும் இப்புழு பரவக்கூடியது. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, வீடு என ஒரே பென் டிரைவ் சுற்றி வந்த இடங்களில் இத்தகைய பரவலைத் தடுப்பது கடினம்.

2009 ஏப்ரலில் கான்ஃபிக்கரின் ஒரு வகை, தொற்றிய கணினிகளில் 'ஸ்பைவேர் புரொடெக்ட் 2009' என்ற போலித் தடுப்பியை நிறுவியது. அதன் விலை 49.95 டாலர். உண்மையான நச்சுநிரல் ஒன்று போலி மருந்தை விற்கும் முகவராக மாறியதற்கு இது பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையதளத்திலும் இத்தகைய விளம்பரம் ஒன்று புகுந்தது. நம்பத்தகுந்த தளத்துக்கு மட்டும் போனால் போதும் என்ற அறிவுரை அத்துடன் பொய்யானது.

2010-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 13 மாதங்களில் ஆராயப்பட்ட 24 கோடி வலைப்பக்கங்களில், போலித் தடுப்பிகளைப் பரப்பிய 11,000-க்கும் மேற்பட்ட தளப்பெயர்கள் கண்டறியப்பட்டன. அவர்கள் கண்ட தீநிரல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வகையே.

தமிழ்நாட்டு வீடுகளில் கணினி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்த திருத்தணியும் இன்று இம்மாவட்டத்தில்தான் உள்ளது. மலைக்கோயிலை ஒட்டி வளர்ந்த அவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும், தமிழ்நாட்டின் பிற சிற்றூர்களிலும், பல குடும்பங்களுக்குப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த மடிக்கணினியே வீட்டின் முதல் கணினி.

முதல் கணினி வைத்திருப்பவருக்கு எச்சரிக்கைகளில் எது அசல், எது போலி என்று ஒப்பிட்டுப் பார்க்க முன் அனுபவம் இருப்பதில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லையூரில் திரையில் தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. பல வீடுகளில் கடன் அட்டை இல்லாததால் போலிகளுக்கு நேரடியாகப் பணம் போய்ச் சேர்வது அரிது. ஆனாலும் இழப்பு வேறு வழியில் வந்தது. திறக்க முடியாமல் போன கணினியைக் கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்யும்போது, வேறு எங்கும் படியெடுத்து வைக்காத ஒளிப்படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துபோகும்.

இம்மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் தரப்பட்டது. போலியின் பொய்யை வெளிச்சமாக்க இது ஒரு நல்ல வழி. போலி ஆய்வுப் பக்கத்தை லினக்சில் திறந்தாலும் அது 'சி டிரைவில் இத்தனை நச்சுநிரல்கள்' என்றே காட்டும். லினக்சில் சி டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. அப்பக்கம் கணினியைப் பார்க்கவே இல்லை, முன்பே எழுதி வைத்த பட்டியலை ஒப்புவிக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாகும்.

பணம் செல்லும் வழி

2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாக ஆய்வாளர்கள் மூன்று போலித் தடுப்பிக் குழுக்களின் கணக்குகளை ஆராய்ந்தனர். மூன்றும் சேர்ந்து ஈட்டியது 13 கோடி டாலருக்கும் மேல். முறையீடு செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இக்குழுக்கள் பணத்தைத் திருப்பியும் கொடுத்தன. இது நேர்மையால் அன்று. வங்கிக்கு முறையீடுகள் அளவு மீறிப் போனால் அட்டை நிறுவனங்கள் கணக்கை மூடிவிடும் என்ற கணக்கே காரணம். இம்மோசடியின் உயிர்நாடி நிரலில் இல்லை, அட்டைப் பணப் பரிமாற்றத்தில் இருந்தது என்பது இதனால் தெரியவந்தது.

2011 மே மாதத்தில் ஆப்பிள் கணினிகளைக் குறிவைத்து 'மேக் டிஃபெண்டர்' வெளிவந்தது. ஆப்பிள் கணினிக்கு இத்தொல்லை வராது என்ற எண்ணத்தை அது மாற்றியது. அடுத்த மாதம் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., பல நாட்டுக் காவல்துறைகளுடன் சேர்ந்து 'ஆபரேசன் டிரைடன்ட் டிரிப்யூனல்' நடவடிக்கையை மேற்கொண்டது. ஒரு குழு 9,60,000 பேரிடம் 7.2 கோடி டாலர் பறித்திருந்ததாக அறிவிக்கப்பட்டது. மினியாபொலிஸ் நகரின் ஸ்டார் டிரிப்யூன் நாளிதழ்த் தளத்தில் விடுதி விளம்பரம் என்ற பெயரில் போலியைப் புகுத்திய வழக்கில் லாத்வியாவில் இருவர் கைதாயினர். அவர்களுள் பீட்டரிஸ் சகுரோவ்ஸ் பின்னர் தலைமறைவாகி, 2016-இல் போலந்தில் பிடிபட்டு, 2018-இல் 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இக்காலத்தில் நல்ல தடுப்பிகள் இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கின. மைக்ரோசாப்ட் 2009-இல் செக்யூரிட்டி எசென்சியல்சை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அப்பெயரைத் திருடிய போலி ஒன்றும் வந்தது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் தடுப்பி இயங்குதளத்துடனேயே வருகிறது.

தொலைபேசிக்கு மாறிய ஏமாற்று

நிரல் வழி அடைபட்டபோது மோசடி மனிதக் குரலுக்கு மாறியது. திரையில் ஓர் எச்சரிக்கையும் அதன் கீழே ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றும். அல்லது 'மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பு வரும். பேசுபவர் விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வார். எல்லாக் கணினிகளிலும் அதில் சிறுசிறு பிழைக் குறிப்புகள் இருக்கும். அவற்றையே நச்சுநிரல் எனக் காட்டித் தொலைநிலை அணுகல் பெற்றுப் பணம் கேட்பார்.

இம்முறையில் இந்தியாவின் பெயர் அதிகம் அடிபட்டது. 2012 அக்டோபரில் அமெரிக்க வணிக ஆணையம் அறிவித்த ஆறு வழக்குகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவர்கள் மீதானவை. 2018-இல் மைக்ரோசாப்டின் முறையீட்டின் பேரில் தில்லி, குர்கான், நொய்டா பகுதிகளில் இருந்த போலி அழைப்பு மையங்களில் காவல்துறை சோதனை நடத்தியது. 2023 அக்டோபரில் நடுவண் புலனாய்வுப் பிரிவு 'ஆபரேசன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனையிட்டது. தமிழ்நாடும் அப்பட்டியலில் இருந்தது. மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் முறையீடுகளால் பதிவான வழக்குகளும் அதில் அடங்கும்.

பெயர்பெற்ற நிறுவனங்களும் இதிலிருந்து விலகியிருக்கவில்லை. கணினிக்கு இலவசப் பரிசோதனை என்று அழைத்து, வாடிக்கையாளர் குறித்துக்கொடுத்த சிறு குறைகளை வைத்தே தீநிரல் இருப்பதாக முடிவு காட்டிய வழக்கில், ஆஃபிஸ் டிப்போ கடைத்தொடரும் சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

கைபேசியும் உலாவி அறிவிப்பும்

2014 ஏப்ரலில் கூகுள் பிளே கடையில் 'வைரஸ் சீல்டு' என்ற கட்டணச் செயலி விற்பனையில் முன்னணிக்கு வந்தது. விலை 3.99 டாலர். அழுத்தினால் கேடயப் படத்திலிருந்த பெருக்கல் குறி சரிக்குறியாக மாறும். அதைத் தவிர அது எதையும் செய்யவில்லை. கூகுள் அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அண்மைக்காலத்தில் பரவலாக உள்ளது உலாவி அறிவிப்பு வழி. திரைப்படம் பார்க்கவோ கோப்பு இறக்கவோ ஒரு தளத்தைத் திறக்கும்போது 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். அழுத்தினால், பின்னர் உலாவியின் வழியே திரையின் மூலையில் 'உங்கள் தடுப்பி காலாவதியானது' என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கணினியில் எந்த நிரலும் நிறுவப்பட்டிருக்காது.

அடையாளம் காணும் முறை

* நிறுவாத தடுப்பி எச்சரிக்காது. வீட்டுக் கணினியில் என்ன தடுப்பி உள்ளது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் வேறு பெயரில் வரும் எச்சரிக்கையை உடனே ஐயுறலாம்.
* வலைப்பக்கம் கணினியின் வட்டு முழுவதையும் தானாக ஆராய முடியாது. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான நச்சுநிரல்களைக் காட்டினால் அது அசைபடமே.
* உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது.
* கண்டுபிடிப்பதற்கு இலவசம், நீக்குவதற்கு உடனடிக் கட்டணம், நேரம் எண்ணும் கடிகாரம், உரத்த ஒலி, சாளரத்தை மூட விடாமை ஆகியவை போலியின் குணங்கள்.
* பணிமேலாளர், உண்மையான தடுப்பி, தடுப்பி நிறுவனங்களின் தளங்கள் ஆகியவை திறக்காமல் போனால் போலி ஏற்கெனவே உள்ளே நிறுவப்பட்டிருக்கக்கூடும்.

நீக்கும் முறை

எச்சரிக்கை உலாவியில் மட்டும் இருந்தால், அதிலுள்ள எந்தப் பொத்தானையும், மூடுவதற்கான பெருக்கல் குறியைக்கூட, அழுத்தக் கூடாது. அவையும் படத்தின் பகுதியாக இருக்கலாம். கன்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பணிமேலாளரைத் திறந்து உலாவியை முடித்துவிட வேண்டும். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க ஒப்புக்கொள்ளக் கூடாது. பின்னர் உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களையும் அறியாத நீட்சிகளையும் நீக்க வேண்டும்.

நிரல் நிறுவப்பட்டுவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அடுத்துக் கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்க வேண்டும். விண்டோஸ் 7 வரை தொடங்கும்போது எஃப்8 விசையும், விண்டோஸ் 10, 11-இல் சிப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கமும் இதற்கு வழி. இம்முறையில் இன்றியமையாத நிரல்கள் மட்டுமே இயங்குவதால் போலி பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். நிறுவிய மென்பொருள்களின் பட்டியலிலும் தொடக்கப் பட்டியலிலும் அதைத் தேடி நீக்கலாம். பொருளற்ற எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்ட கோப்புகள் ஐயத்துக்குரியவை.

அதன்பின் முழுச் சோதனை நடத்த வேண்டும். டிஃபெண்டரின் 'ஆஃப்லைன்' சோதனை விண்டோஸ் தொடங்கும் முன்பே வட்டை ஆராய்வதால் மறைந்திருக்கும் நிரல்களையும் பிடிக்கக்கூடியது. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவச நீக்கக் கருவிகளை வழங்குகிறது. கருவியை வேறொரு தூய கணினியில் இறக்கிக் கொண்டுவருவது நல்லது. சில போலிகள் பதிலாள் வழங்கி அமைப்பையும் மாற்றிவிடும் என்பதால், நீக்கிய பின்னும் இணையம் இயங்காவிட்டால் அதைப் பார்க்க வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் ஃபார்மட் செய்வதே முடிவு. அதற்கு முன் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் படியெடுக்குமாறு கடைக்காரரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

தொலைநிலை அணுகல் கொடுத்திருந்தால் அதற்கான செயலியையும் நீக்கி, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

சட்டமும் முறையீடும்

இந்தியாவில் கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் பெறத்தக்க குற்றம். 2008-இல் இயற்றப்பட்ட திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இப்பிரிவு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது.

பணம் இழந்தவர் உடனே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்க வேண்டும். தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியையே சேரும் என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் புகார் அளிக்கலாம். மோசடிக்காரர் பணத்தை எடுப்பதற்குள் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருப்பதால் முதல் சில மணி நேரம் முக்கியம்.

ஏமாந்ததை வெட்கத்தால் மறைப்பவர் பலர். வீட்டுப் பிள்ளை திட்டு விழும் என்று அஞ்சிச் சொல்லாமல் இருப்பதும் உண்டு. மேலே கண்ட வரலாற்றில் இம்மோசடியை முடக்கிய நடவடிக்கைகள் பலவும் யாரோ சிலர் கொடுத்த முறையீடுகளிலிருந்தே தொடங்கின. ஆகவே, திரையில் சிவப்பு எச்சரிக்கை தோன்றியதும் பிள்ளை தயங்காமல் வந்து சொல்லும் வீட்டில் போலிகளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.